கூட்டுச் சோடி

வெயிலுகந்தான் அப்படியா சொன்னான்? மாட்டுக்குச் சுழி சரியில்லை, அதனாலதான் மில்லு வேலைக்குப் போகலைன்னு அவன் வாயாலேயே சொன்னானா? நீங்களும் அதை நோட்டுல எழுதிக்கிட்டு வந்துட்டீகளா? சரிதான். காலேஜுல வாத்தியாரா இருக்கிற மனுசரு, மாட்டுச் சுழியை எழுதிக்கிட்டு ஊர் ஊரா அலையுறீக.

உக்காருங்க ஐயா, இந்த வேம்படியில உக்காருங்க. நான் சும்மாதான் இருக்கேன். சும்மா இருக்கிற நாளே கிடையாது எனக்கு, ஆனா இன்னைக்குச் சும்மாதான் இருக்கேன். எங்கேயாச்சும் மாடு இரவல் கிடைக்குமான்னு அவன் பார்த்துட்டு வந்தாத்தான் தண்ணி இறைக்கிறதைப் பத்தி ஏதாச்சும் யோசிக்கலாம். அந்தா பாருங்க மிளகாய்ச் செடிய. நாலு நாளாத் தண்ணி காட்டல. இலையெல்லாம் சுருண்டு போச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டா, பிடுங்கி அடுப்பெரிக்க வேண்டியதுதான்.

கிணத்துல தண்ணி இருக்கு. தண்ணிக்குக் குறை இல்லை. கமலை இழுக்கத்தான் மாடு இல்லை. கூனை தெரியும்ல? அந்தா கவுத்திப் போட்டிருக்கே, அம்மாம் பெரிய இரும்புச் சால். அதைக் கிணத்துல இறக்கி, வடத்தை நுகத்தடியில மாட்டி, இந்தச் சரிவுல ரெண்டு மாட்டையும் கீழ ஓட்டினா, தண்ணி மேல வந்து வாய்க்கால்ல கொட்டும். ரெண்டு மாடு வேணும். இப்ப ஒண்ணுதான் நிக்கிது. நிக்கிறது வெயிலுகந்தான் மாடு. நீங்க எழுதிட்டு வந்த சுழிமாடு அதுதான். என் மாட்டைப் போன வாரம் கழுகுமலை மாட்டுத்தாவணியில, சந்தையில, வித்துட்டேன். ஏன் வித்தேன்னு கேக்காதீக, வரிசையா வாரேன்.

என்ன கேட்டீக? மதுரையில மில்லு வந்து இத்தனை வருசமாச்சு, ரயிலு ஓடுது, கொழும்புக்குக் கப்பல் போகுது, அப்படி இருந்தும் ஊருக்குப் பத்துல ஒம்பது பேரு ஏன் காட்டுல உழுதுக்கிட்டே கெடக்கீகன்னுதானே? இதை எங்க கிராம முன்சீப்புகிட்டக் கேட்டிருப்பீகளே. மண்ணு மேல பாசம்னு சொல்லியிருப்பாரு. சொன்னாரா? நான்தான் சொன்னேன்ல! அவருக்கு வரும் பாசம். மண்ணு அவரு கையில ஒட்டினதே இல்லை, பாசத்துக்கு என்ன குறைச்சல்? அதை அடிச்சுருங்க ஐயா. பாசமும் இல்லை, பாவக்காயும் இல்லை.

எங்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். இந்தக் கிணறு நாலு வீட்டுக்குப் பொது. எனக்குக் கால் கிணறு. வண்டி மூணு வீட்டுக்கு. எம் பங்குக்கு ஒரு சக்கரம்கூட முழுசா வராது. களம் ஊருக்கே பொது. மாடு, சோடியில பாதி. ஒரு மாடு என்னோடது, ஒரு மாடு வெயிலுகந்தானோடது. உழவுன்னாலும் சரி, தண்ணி இறைப்புன்னாலும் சரி, ரெண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவனுக்கு. இந்த ஊருல முக்காவாசிப் பேரு இப்படித்தான். இப்பச் சொல்லுங்க, நான் எதை வித்துட்டு எதைத் தூக்கிக்கிட்டுப் போக? கால் கிணத்தைத் தலையில வச்சுக்கிட்டு ரயில் ஏறவா?

ஆசாரி காடு வச்சிருக்காரா, அவரு போகலாமேன்னு கேப்பீக. அவரு நிலைமை என்னையவிட மோசம். வருசம் பூரா ஊருக்குக் கொழு அடிக்கணும், ஏர் செதுக்கணும். கூலி தை மாசம் களத்துலதான் தானியமா அளப்போம். நடுவுல கிளம்பினா, அதுவரைக்கும் அடிச்ச அடியெல்லாம் வீணு. வாங்கிட்டுக் கிளம்பலாம்னா, அது வேற ஊருல வேலை தேடுறதுக்குள்ளேயே தின்னு தீர்ந்துபோகும். வண்ணாருக்கும் குயவருக்கும் இதே கதைதான். அவுகளையும் விவசாயம்னே எழுதிக்கிடுங்க, தப்பே இல்லை.

நான் சொல்ல வந்தது அதில்லை. வெயிலுகந்தான் கதைக்கு வாரேன்.

அவன் எனக்கு மாப்ளே முறை. என்னையவிடப் பதினஞ்சு வயசு இளையவன். அவங்கப்பனும் நானும் சோடி சேர்ந்திருந்தோம். அப்பன் செத்ததும் இவன் கூடச் சேர்ந்தேன். நல்ல பய ஐயா. வாய் பேசமாட்டான். என் முறை நாளுல என் வேலையை அவன் வேலை மாதிரியே செய்வான். அவன் முறை நாளுல எனக்கு இடுப்பு வலி வந்துரும், அதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டான்.

ஆறு வருசம் முந்தி, மாசி மாசம், மதுரை மில்லுக்கு ஆள் எடுக்கன்னு அருளப்பன்னு ஒரு மேஸ்திரி வந்தாரு. சட்டையும் செருப்புமா வந்து ஊர்மடத்துல உக்காந்து ஒவ்வொருத்தன் கையா வாங்கிப் பார்த்தாரு. என் கையைப் பார்த்துட்டு, "இது மண்வெட்டிக் கை"ன்னு விட்டுட்டாரு. வெயிலுகந்தான் கையைப் பார்த்ததும் விடலை. விரலு நீளமாம், அறுந்த நூலை முடிச்சுப் போட அப்படித்தான் வேணுமாம். "பங்குனி உத்திரம் கழிஞ்ச திங்கக்கிழமை மில்லு வாசல்ல வந்து நில்லு, நான் உள்ள கூட்டிட்டுப் போறேன்"னுட்டாரு. முதல் சம்பளம் கைக்கு வர ஒண்ணரை மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் வீட்டு வாடகையும் கஞ்சியும் அவன் பாடு.

அவன்கிட்ட விக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்த மாடுதான் இருக்கு.

அவன் என்கிட்ட வந்து கேக்கலை. அவன் பெண்டாட்டி பூரணம்தான் வந்துச்சு. இடுப்புல ஒரு வயசுப் பிள்ளை. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். முற்றத்துலேயே நின்னுக்கிட்டு, "மாமா, நீங்க மறிக்க மாட்டீகள்ல?"ன்னு கேட்டுச்சு.

"நான் எதுக்கும்மா மறிக்கப் போறேன்? என் தங்கச்சி மகன் போற மாதிரி நினைச்சுக்கிடுறேன்"னேன்.

"இல்லை மாமா, உங்க மாடு ஒத்தையில நின்னு போகுமேன்னு அவரு ரெண்டு நாளாச் சாப்பிடலை. நான்தான் போவோம்னு சொல்றேன். இந்தப் பிள்ளை காலத்துலயாவது களைக்கொட்டைப் பிடிக்காம இருக்கட்டும். அங்கன மில்லுத் தெருவுலேயே பள்ளிக்கூடம் இருக்காம்."

பொம்பளைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்கலை. "போயிட்டு வாங்கம்மா, மகராசியா இரு"ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். மனசாரத்தான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை, அது வேற.

அவன் போயிட்டா என் மாடு என்ன ஆகும்? ஊருல ஒத்தை மாட்டுக்காரன் எல்லாம் ஏற்கெனவே சோடி சேர்ந்தாச்சு. எவனும் தன் சோடியைப் பிரிச்சுக்கிட்டு எங்கூட வரமாட்டான். இன்னொரு மாடு பிடிக்க எனக்கு வக்கு இல்லை. உழவு இல்லை, தண்ணி இல்லை, பிறகு நான் முன்சீப்பு காட்டுல கூலிக்குப் போய் நிக்கணும். இந்த வயசுல. என் மகன் தங்கவேலு அப்பப் பன்னெண்டு வயசுப் பய. ஒருத்தன் நகர்ந்தா இன்னொருத்தன் விழுவான் ஐயா. இங்க எல்லாருமே அப்படித்தான் ஒருத்தன் மேல ஒருத்தன் சாஞ்சுக்கிட்டு நிக்கிறோம். உங்க நோட்டுல எழுத வேண்டியது இதுதான், சுழி இல்லை.

உத்திரத்துக்கு முந்தின நாளு மாட்டைக் கழுகுமலைக்கு ஓட்டினோம். ஆமா, நானும் கூடப் போனேன். சோடிக்காரன் போகாம இருந்தா ஊரு என்ன பேசும்? காலையில தெப்பக்குளத்துல மாட்டைக் குளிப்பாட்டினது நான்தான். வைக்கோலைச் சுருட்டி, வாலுக்கு மேல, பின்தட்டுல வட்டம் வட்டமாத் தேய்ச்சேன். மாட்டைத் தேய்க்கிறது பின்னே எப்படித் தேய்ப்பாக? வட்டமாத்தான் தேய்ப்பாக.

பத்து மணிக்கெல்லாம் சாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் வந்து நின்னுட்டாரு. பல்லைப் பிடிச்சுப் பார்த்தாரு, நடத்திப் பார்த்தாரு, மனசுக்குப் பிடிச்சுப் போச்சு. தரகர் மாடக்கண்ணு துண்டை எடுத்து ரெண்டு பேரு கை மேலேயும் போட்டாரு. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாக, வெளியில ஒரு சத்தம் வராது. வெயிலுகந்தான் முகத்தைப் பார்த்தேன். முகம் அப்படியே மலர்ந்து போச்சு. அவன் கேட்டதுக்கு மேலேயே விழுந்திருக்கும்போல.

நான் அந்தச் சாத்தூர்க்காரர்கிட்டப் போய், வெத்திலை இருக்கான்னு கேட்டேன். குடுத்தாரு. மடிச்சுப் போட்டுக்கிட்டு, "பின்தட்டுப் பக்கம் தடவிப் பார்த்தீகளா?"ன்னு கேட்டேன்.

அம்புட்டுத்தான் ஐயா. சத்தியமா அம்புட்டுத்தான். சுழி இருக்குன்னு நான் சொல்லவே இல்லை. பார்த்தீகளான்னு ஒரு கேள்வி கேட்டேன். கேக்கக் கூடாதா?

அவரு போய்த் தடவினாரு. குனிஞ்சு பார்த்தாரு. இன்னொருத்தரைக் கூப்பிட்டாரு. அவரு ரெண்டு பேரைக் கூப்பிட்டாரு. முதுகுத்தண்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் மயிரு சுழிச்சுக்கிட்டு நிக்கிது. பாடைச்சுழின்னு ஒருத்தன் சொன்னான். அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டினா, கட்டினவன் வீட்டுல இருந்து பாடை கிளம்பும்னு எங்கள்ல நம்பிக்கை. சாத்தூர்க்காரர் கையைத் துண்டுலேயே துடைச்சுக்கிட்டு, எச்சில் துப்பிட்டுப் போயிட்டாரு. மத்தியானத்துக்குள்ள தாவணி பூரா தெரிஞ்சு போச்சு. எவனும் கிட்ட வரலை. மாடக்கண்ணு, "ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்கப்பா, மத்த மாடுகளோட யாவாரமும் கெட்டுப்போகும்"னு விரட்டிட்டாரு.

திரும்பி வரும்போது மாட்டை அவன்தான் பிடிச்சுக்கிட்டு வந்தான். ஊரு எல்லை வந்ததும் நின்னான். "மாமா, இது தெரியாம நாம இத்தனை வருசமாக் கட்டியிருக்கோமே. உங்க மாட்டோட வேற சேர்த்துப் பூட்டியிருக்கேனே. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா?"ன்னு கண்ணுல தண்ணி விட்டான்.

நான் அவன் தோளைத் தட்டி, "நான் இருக்கேன்டா மாப்ளே. ஊரே ஒதுக்கினாலும் உன் மாட்டோட என் மாட்டைப் பூட்டுவேன்"னேன். பூட்டினேனா இல்லையா? ஆறு வருசம் பூட்டினேன். வேற எவன் பூட்டியிருப்பான், சொல்லுங்க.

மில்லு வாசலுக்கு அந்தத் திங்கக்கிழமை அவன் போகலை.

சரி, அதோட முடிஞ்சிருக்கும். ஐப்பசியில ஊருல வாந்திபேதி வந்துச்சு. எங்க தெருவுல ஏழு பேரு. அதுல பூரணமும் ஒண்ணு. காலையில களை வெட்டிட்டு வந்த பிள்ளை, விளக்கு வைக்கையில இல்லை. இப்படிப் பார்க்காதீக ஐயா. மதுரையில மட்டும் வாந்திபேதி வரலையா? அங்கேயும் வந்துச்சு, பேப்பர்ல போட்டிருந்ததை முன்சீப்பு வாசிச்சாரு. போற இடத்துலேயும் போயிருக்கும். நான் கேட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? மயிரு சுழிச்சா மனுசி சாவாளா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.

ஆனா வெயிலுகந்தான் நம்பிட்டான். வீட்டுல இருந்து பாடை கிளம்பிருச்சுல்ல. மாட்டை ஒரு வார்த்தை திட்டலை, தன்னையே திட்டிக்கிட்டான். "தெரிஞ்ச பிறகும் கட்டியிருந்தேனே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். மறு வருசம் கம்பத்துல இருந்து ஒரு மாட்டு யாவாரி வந்தாரு. தூரத்து ஆளு, ஒண்ணும் தெரியாது. மாட்டைப் பார்த்ததும் கேட்டாரு. நான் பக்கத்துல நின்னேன், ஒண்ணுமே பேசலை. வெயிலுகந்தானே அவரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சுழியைக் காமிச்சுட்டான். "என் வீட்டுல நடந்தது இன்னொருத்தர் வீட்டுல நடக்க வேண்டாம்"னான். அங்கன ஒண்ணுமே இல்லை ஐயா! குளிப்பாட்டின அன்னைக்கு நின்ன மயிரு, அடுத்த நாளே படிஞ்சுருச்சு. ஆனா அவன் கண்ணுக்குத் தெரியுது. அவன் காமிச்சதும் கம்பத்துக்காரருக்கும் தெரியுது. இப்பல்லாம் சில நேரம் எனக்கே தெரியுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

இந்த மாசியில அதே மேஸ்திரி திரும்ப வந்தாரு. என் மகன் தங்கவேலு கையைப் பார்த்து எடுத்துக்கிட்டாரு. பிள்ளைக்குத் தாய் மாதிரி கை, நல்லவேளை. ஒண்ணரை மாசக் கஞ்சிக்கு என்ன செய்ய? என் மாட்டை வித்தேன். பெத்த பிள்ளைக்கு ஒரு வழி பண்ணாம இருக்க முடியுமா? நீங்க பண்ணாம இருப்பீகளா? வித்துட்டு வந்துதான் வெயிலுகந்தான்கிட்டச் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தா சங்கடப்பட்டிருப்பான். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "தம்பிக்கு வேலை உறுதிதானே மாமா?"

மேஸ்திரி அவனையும் விசாரிச்சாரு. "விரலு நீளமா ஒருத்தன் இருப்பானே, இருக்கானா? இன்னும் ரெண்டு ஆளு வேணும், சித்திரை பிறந்ததும் அனுப்புங்க"ன்னாரு. அவன் வரமாட்டான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். பொய்யா சொன்னேன்? வரமாட்டான்தானே.

சொல்லிருங்கன்னு சொல்றீக. சுழியே இல்லைன்னு இன்னைக்கே அவன்கிட்டச் சொல்லிருங்க, சித்திரைக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு. உங்களுக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவீக. சொன்னா அவன் என்ன செய்வான் தெரியுமா? மாட்டை வித்துட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிருவான். அவளுக்கு ஏழு வயசு, இப்பவே களைக்கொட்டோட திரியுது. போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா என் மிளகாய்? எனக்கு மாடும் இல்லை, மகனும் இல்லை, அவனும் இல்லைன்னா இந்தக் கிணத்து மேட்டுல நான் ஒத்தையா நின்னு என்ன செய்ய? அதுவும் போகட்டும். பூரணம் செத்ததுக்கு ஆறு வருசமாத் தன்னைத் திட்டிக்கிட்டு இருக்கான். நான் சொன்ன பிறகு அவன் என்னைப் பார்ப்பானே ஐயா, அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஒவ்வொரு வருசமும் களம் முடியட்டும், சொல்லிருவோம்னு நினைப்பேன். களம் முடியும், உழவு வந்துரும்.

அந்தா வாரான். நோட்டை மூடிக்கிடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லிறாதீக ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். சொல்றதா இருந்தா நானே சொல்றேன். இன்னைக்கே சொன்னாலும் சொல்லிருவேன்.

வா மாப்ளே. மாடு எங்கேயும் கிடைச்சுச்சா? கிடைக்காது, எனக்குத் தெரியும். இது என்ன தோள்ல, சாக்கை மடிச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கே? மூட்டை எதுவும் தூக்கப் போறியா?

என்ன? நீயா?

கேட்டீகளா ஐயா, என்ன சொல்றான்னு. நுகத்தடிக்கு அந்தப் பக்கம் இவனே நிக்கிறானாம். மாட்டோட சேர்ந்து இவன் இழுக்கிறானாம். வேணாம்டா மாப்ளே, கேவலம்டா, ஊரு பார்த்தா என்னைக் காறித் துப்பும். என்னது? என் மிளகாய் காஞ்சா உனக்கு மனசு கேக்காதா? ஊரே ஒதுக்கினப்ப உன் மாட்டோட சோடி போட்டவன் நான் ஒருத்தன்தானா? ஐயா முன்னாடி இதெல்லாம் ஏன்டா பேசுறே? சும்மா இரு.

மாப்ளே, கொஞ்சம் நில்லு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருக்கேன். அந்த மாடு இருக்கே...

ஒண்ணும் இல்லைடா. அந்த மாடு இருக்கே, அது சரிவுல திடீர்னு வேகமா இறங்கும். உன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும், காலைப் பார்த்து வை. கூனையும் பாதிதான் நிரப்பப் போறேன், முழுசா விட்டா நீ தாங்கமாட்டே. சாக்கை நல்லா இழுத்துவிட்டுக்கோ, தோள் உரிஞ்சுபோகும். வலப்பக்கம் நில்லு. இன்னும் கொஞ்சம் குனி. ஆங், அப்படித்தான்.

ஐயா, வடத்துக்கு அந்தப் பக்கமா ஒதுங்கி நில்லுங்க.

ஹை. ம், நடங்க ரெண்டு பேரும்.